மடுவத்துத் தராசு

நம்பாதவர்கள் நம்பவேண்டாம். நானே யாரையும் லேசில் நம்புகிறவன் இல்லை. ஆனால் இது பட்டப்பகலில், என் கண்முன்னால் நடந்தது.

நான் அன்டன். ஹெலிகொப்டர் அம்புலன்ஸில் ஆண் தாதி. நோயாளியோடு ஒருவர்தான் வரலாம் என்றால் மூன்று பேர் ஏறப் பார்ப்பார்கள். அதனால் ஆட்களை எண்ணித்தான் கதவைச் சாத்துவேன்.

போன ஐப்பசி மழையில், கொட்டகலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டம். பாதை இரண்டு இடத்தில் சரிந்து கிடந்தது. பிள்ளை பெற்ற பிரேமினிக்கு இரத்தம் நிற்கவில்லை. ஒரு மணித்தியாலத்துக்குள் கண்டிக்குக் கொண்டுபோகாவிட்டால் பிழைக்கமாட்டாள்.

மைதானத்தில் இறங்கினோம். பக்கத்திலேயே கொழுந்து நிறுக்கும் மடுவம். மலை தாண்டும்போது பாரக் கணக்குத் தப்பக்கூடாது. கூடவரும் புருசன் துஷாந்தின் எடையைக் கேட்டேன். கணக்கப்பிள்ளை செல்லசாமி அவனைக் கொழுந்துத் தராசிலேயே ஏற்றினார்.

"அறுவத்தொண்ணு, தம்பி!"

பிள்ளையைப் பாட்டி வாங்கிக்கொண்டாள். பிரேமினி, துஷாந்த், நான். எண்ணினேன். கதவைச் சாத்தினேன். மணி 3.40.

மேலே எழும்பியதுமே விமானி றோலண்ட் கத்தினார்.

"அன்டன், வேற யார ஏத்துன?"

"யாருமில்ல, சேர்."

"பாரம் கூட. ஏறமாட்டேங்குது!"

எனக்குச் செல்லசாமி மேல்தான் சந்தேகம். கொழுந்து நிறுத்தாலே சாக்குக்குக் கழிவு, ஈரத்துக்குக் கழிவு என்று கழித்துப் பழகிய கை. துஷாந்தைக் கேட்டேன். அறுபத்தொன்று சரிதான் என்றான்.

அப்போதுதான் பார்த்தேன். மூலையில் இருக்கும் மடக்கு இருக்கை விரிந்திருந்தது. ஆள் உட்காராவிட்டால் ஸ்பிரிங் அதை மடக்கிவிடும்.

தூக்கிப் பார்த்தேன்.

மடங்கவில்லை.

ஈரமாக இருந்தது. பச்சைக் கொழுந்து வாசம்...

"அக்கா... கைய விட்ராதீங்க..."

பிரேமினி. அவள் விரல்கள் எதையோ இறுக்கிப் பிடித்திருந்தன. வெறும் காற்றில்.

முன்னால் மலை.

"எறக்குறேன்! ஒருத்தர விட்டாகணும்!" என்றார் றோலண்ட்.

திரும்பவும் அதே மைதானம். துஷாந்தை இறக்கினோம். "அவள காப்பாத்துங்கண்ணே" என்று அழுதான். வேறு வழியில்லை.

மலையை மயிரிழையில் தாண்டினோம்.

இருக்கை... கடைசிவரை மடங்கவில்லை.

பிரேமினி பிழைத்துக்கொண்டாள். இரண்டு நாள் கழித்துச் செல்லசாமிக்குப் போனில் கோல் எடுத்தேன். கோபமாகத்தான் பேசினேன்.

"தராசு பொய் சொல்லிச்சா, நீங்களா?"

"தராசுதான் தம்பி. ஆள் ஏறுறதுக்கு முந்தியே நாப்பத்தாறு காட்டிச்சி. சாக்குக்குக் கழிக்கிற மாதிரி கழிச்சிட்டேன்."

"இப்ப?"

"நீங்க போனதுலேருந்து சரியா இருக்கு."

பிறகு மெதுவாகச் சொன்னார்.

"போன வருசம் ஜீவராணின்னு ஒரு புள்ள... பிரசவ வலியோட அந்தத் தராசு மேலதான் ஒக்காந்திருந்திச்சி. வண்டிய பாத்துக்கிட்டே. வண்டி வரல, தம்பி."

போன வாரம் சேர்விஸில் ஹெலியை எடை பார்த்தார்கள். ஆளில்லாத வெறும் ஹெலி. இருக்கவேண்டியதைவிட நாற்பத்தாறு கிலோ கூட. காரணம் யாருக்கும் தெரியவில்லை.

இதை எழுதும்போது வலப்பனையிலிருந்து அழைப்பு வந்திருக்கிறது. ஒரு கர்ப்பிணி. கூடவர அவள் அம்மா நிற்கிறாராம். அந்த அம்மாவுக்கு இடமில்லை என்று நான்தான் சொல்லவேண்டும்.

இருக்கை விரிந்துதான் இருக்கிறது.