பேச்சியம்மாள் குடத்துக்கு வந்த நோட்டீஸ்

1. போனில் வந்த வினை

நோட்டீஸ் ஜிஎஸ்டி போர்ட்டலில் வந்து கிடந்தது. மாடசாமி பார்க்கவில்லை. கெடு முடியப் போகிற நேரத்தில் அம்பாசமுத்திரத்தில் பஸ் ஏறி, வண்ணார்பேட்டையில் இருக்கும் என் அலுவலகத்துக்கு வந்து போனை நீட்டினான். நான் வரி கணக்குப் பார்க்கிறவள். சேல்ஸ் டாக்ஸ் காலத்திலிருந்து இந்த ஊர் வியாபாரிகளைத் திட்டியே பிழைக்கிறேன். புதிதாக இந்தத் தொழிலுக்கு வருகிற பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன்.

மாடசாமி பழைய பித்தளைப் பாத்திரம் வாங்கி ஆன்லைனில் விற்கிறான். குடம், அண்டா, தவலை, எல்லாம் கல்யாணச் சீராக வந்து பரணில் கிடப்பவை. வீட்டுக்காரர்கள் கொடுக்கிறார்கள், இவன் பாலிஷ் போட்டு பெங்களூருக்கும் கொச்சிக்கும் அனுப்புகிறான். வெளி மாநிலத்துக்குப் போவதால் ஜிஎஸ்டி பதிவு கட்டாயம்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். வீட்டில் இருக்கிற பழைய சோபாவை விற்றால் வரி உண்டா என்று வாரம் ஒருவர் எனக்குப் போன் செய்கிறார். கிடையாது. சொந்தச் சாமானை விற்பது வியாபாரம் இல்லை. வாங்கி விற்பதையே தொழிலாக வைத்திருந்தால்தான் இந்தப் பாடு. அதற்கும் சட்டம் ஒரு சலுகை தந்திருக்கிறது. மார்ஜின் ஸ்கீம் என்போம். மூவாயிரத்துக்கு வாங்கி நாலாயிரத்துக்கு விற்றால், நடுவில் இருக்கிற ஆயிரத்துக்கு மட்டும் வரி. வாங்கும்போது கட்டிய வரியைக் கழித்துக்கொள்கிற இன்புட் கிரெடிட் எடுத்திருக்கக் கூடாது. பொருள் பயன்படுத்தியதாக இருக்க வேண்டும். பாலிஷ் மாதிரி சின்ன வேலை செய்யலாம், பொருள் வேறொன்றாக மாறிவிடக் கூடாது.

மாடசாமிக்கு இந்த ஸ்கீமில்தான் நான் ரிட்டன் போட்டிருந்தேன். வாங்கிய ஒவ்வொன்றுக்கும் கொடுத்தவரின் கையெழுத்தோடு வவுச்சர் வைக்கச் சொல்லிக் கத்தியிருந்தேன். வைத்திருந்தான். பிறகு ஏன் முழு விலைக்கும் வரி கேட்கிறார்கள்? நோட்டீஸின் கடைசிப் பக்கத்தில் அவன் ஆன்லைன் கடைப் பக்கத்தை அப்படியே படம் பிடித்துப் போட்டிருந்தார்கள். ஒவ்வொரு குடத்துக்குக் கீழேயும் "புத்தம் புதியது" என்று இருந்தது.

"ஏலே, இதை எவன் எழுதுனான்?"

"நாந்தான் அக்கா. பழசுன்னு போட்டா எவன் வாங்குதான்?"

"அப்போ எனக்கு ஏம்லே பழசுன்னு வவுச்சர் குடுத்த?"

"அது உங்களுக்கு. இது கஸ்டமருக்கு."

முழு விலைக்கும் வரி, வட்டி, அபராதம் என்று போனால் அவன் முதல் மொத்தமும் காலி. ஷட்டரை இறக்கிவிட்டு மறுபடி லாரிக்கு லோடு ஏற்றப் போக வேண்டியதுதான்.

2. அழித்துவிட்ட சாட்சி

வவுச்சரை மட்டும் நீட்டினால் நாமே எழுதிக்கொண்டது என்பார்கள். பழசு என்று காட்ட எளிய வழி ஒன்று இருந்தது. நம் பக்கம் சீர்ப் பாத்திரத்தில் பேர் வெட்டாமல் யாரும் கொடுப்பதில்லை. கடைக்காரரே வெட்டித் தருவார். அந்தப் பேரைக் காட்டினால் போதுமே என்றேன். மாடசாமி தலையைச் சொறிந்தான். அடுத்தவன் பேர் போட்ட குடத்தில் யார் தண்ணீர் பிடிப்பார்கள் என்று, மிஷின் வைத்துத் தேய்த்து எல்லாப் பேரையும் அழித்திருக்கிறான். தன்னைக் காப்பாற்ற இருந்த ஒரே சாட்சியைக் கூலி கொடுத்து அழித்த புண்ணியவானை அன்றுதான் பார்த்தேன்.

அப்போது எனக்கு இன்னொன்று நினைவுக்கு வந்தது. போன வருஷம் முழுக்க இவன் என்னிடம் ஒரு புலம்பல் புலம்பினான். வாங்கினவர்கள் கடைப் பக்கத்தில் ஒற்றை ஸ்டார் விமர்சனம் போட்டுத் தன்னை அசிங்கப்படுத்துகிறார்கள், அதை எடுத்துத் தாருங்கள் என்று. வரி பார்க்கிறவளிடம் கேட்கிற வேலையா அது? திட்டி அனுப்பியிருந்தேன். இப்போது அவற்றைத் திறந்து படித்தேன்.

பெங்களூர் அம்மாள் ஒருவர் எழுதியிருந்தார்: "புதுக்குடம் என்று வாங்கினேன். புளி போட்டுத் தேய்த்ததும் உள்ளிருந்து பேச்சியம்மாள், கல்லிடைக்குறிச்சி என்று பேர் வருகிறது. யார் இந்தப் பேச்சியம்மாள்?"

இப்படிப் பதினேழு பேர் எழுதியிருந்தார்கள். அந்தக் காலத்தில் உளி வைத்து ஆழமாக வெட்டிய எழுத்து. மிஷின் மேலாகத் தேய்க்க, பாலிஷ் மாவு பள்ளத்தில் போய் அடைத்துக்கொண்டது. புளி அதைக் கரைத்துவிட்டது. அத்தனையையும் பிரிண்ட் எடுத்தேன்.

3. குடோனில்

வரி அதிகாரி அந்தப் பிரிண்டுகளைப் படித்துவிட்டுச் சிரிக்கவில்லை. கோபத்தில் யார் வேண்டுமானாலும் எதையும் எழுதலாம், நேரில் பார்க்காமல் நம்ப மாட்டேன் என்றார். நியாயம்தான். அம்பாசமுத்திரம் குடோனுக்கு வரச் சொன்னேன்.

வந்தார். எடுத்துக் கொடுக்கப் போன மாடசாமியைத் தள்ளி நிற்கச் சொன்னேன். அவரே ஒரு குடத்தை எடுக்கட்டும். அடுக்கின் அடியிலிருந்து ஒன்றை உருவினார். நான் புடவையைச் செருகிக்கொண்டு உட்கார்ந்து புளியால் தேய்த்தேன். ஒன்றும் வரவில்லை. மறுபடி தேய்த்தேன். குடம் கண்ணாடி மாதிரி மின்னியது.

"என்னம்மா, ஒண்ணையும் காணோம்?"

"பைய வரும் சார். எழுவது வருஷத்துப் பேரு."

மாடசாமி சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டான். மூன்றாம் முறை தேய்த்துத் தண்ணீர் ஊற்றினேன். கழுத்துக்குக் கீழே முதலில் ஒரு கொம்பு தெரிந்தது. பிறகு "வே". பிறகு முழுப் பேர்: வேலம்மாள்.

அதிகாரி விரலால் தடவிப் பார்த்தார். இன்னும் இரண்டு குடங்களை அவரே எடுத்து, அவரே தேய்த்தார். இரண்டிலும் பேர் வந்தது. வவுச்சர்களை வாங்கிக்கொண்டார். மாடசாமியைப் பார்த்து, "ஏன்வே, கஸ்டமர்கிட்ட பொய் சொல்லி எங்களையும் இவ்வளவு தூரம் இழுத்தடிக்கீரு?" என்று மட்டும் கேட்டார். மார்ஜின் ஸ்கீமை ஏற்றுக்கொண்டு உத்தரவு வந்தது.

பிள்ளைகளே, நோட்டீஸுக்குப் பதில் எழுதும் முன் கட்சிக்காரர் தன் கடைப் பக்கத்தில் என்ன எழுதி வைத்திருக்கிறார் என்று படியுங்கள். உங்களிடம் சொன்னதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். வாங்குகிறவரிடம் சொல்கிற பொய் நேராக வரி அலுவலகத்துக்குத்தான் வரும்.

அன்றே மாடசாமியை உட்கார வைத்து, "புத்தம் புதியது" எல்லாவற்றையும் அழிக்கச் சொன்னேன். அழித்தான். அந்த ஒற்றை ஸ்டார்களை இப்போதாவது எடுக்க முடியுமா என்று மெல்லக் கேட்டான். எடுக்காதே, ஒவ்வொன்றுக்கும் பதில் எழுது என்றேன்.

"என்னன்னு அக்கா எழுத?"

"ஆமா, பழசுதான்னு எழுது."