எட்டு நடைபாதையும் ஒன்பது விரல்களும்

சமையலறைத் தரையில் சிவப்பாக ஐந்தாறு பொட்டுகள் கிடந்தன. பீட்ரூட் நறுக்கிய தண்ணீர் சிந்தியிருக்கும் என்று நினைத்துத் துடைத்தேன். எழுந்து பார்த்தால் துடைத்த இடத்திலேயே மறுபடியும் பொட்டுகள். இரண்டாம் முறை குனிந்தபோது, ஆட்டோவை நிறுத்திவிட்டு வந்த என் கணவர் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னாமே தொடச்சிகினே கீற? உன் கால்லேர்ந்துதான் வருது, பாரு," என்றார்.

இடது சுண்டுவிரலுக்கு அடியில் ஒரு கல் சில்லு புதைந்திருந்தது. சுற்றிலும் சதை வெளுத்து வீங்கியிருந்தது. அன்றைய காயம் இல்லை என்று பார்த்தாலே தெரிந்தது. ஆனால் எனக்கு வலிக்கவில்லை. வலிக்காததால் நிம்மதியாகக்கூட இருந்தது. உங்களுக்குச் சர்க்கரை இருந்தால், அந்த நிம்மதியைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும்.

எனக்கு நாற்பத்தொன்பது வயது. பத்தாவது வரை படித்தேன். அம்பத்தூர் எஸ்டேட்டில் துணி தைக்கும் கம்பெனியில் செக்கிங் வேலை. நாலு பேர் முன்னால் எனக்குப் பேச வராது. அயனம்பாக்கத்தில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்துப் பூங்காவில், எட்டு வடிவத்தில் கூழாங்கல் பதித்த நடைபாதை ஒன்று இருக்கிறது. காலையில் அங்கே நடக்கிறவர்களுக்கு உடம்பைப் பற்றிச் சொல்லித்தர ஒருவர் வருவார். ஆவடியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எல்லோரும் மாஸ்டர் என்று கூப்பிடுவோம்.

செருப்பைக் கழற்றச் சொன்னது அவர்தான். கல் குத்தக் குத்தச் சர்க்கரை இறங்கும் என்றார். நான் தயங்கியபோது, எல்லோரையும் பார்த்துச் சொன்னார்: "பத்து வருஷமா வெறுங்கால்தான் நடக்கிறேன். எனக்கு இந்தக் கல்லெல்லாம் பஞ்சு மாதிரி இருக்கு. பழகிக்கம்மா." நாங்கள் வியந்துபோனோம்.

மாத்திரையை விடச் சொல்லி அவர் சொல்லவில்லை. கல் பார்த்துக்கொள்ளும் என்று நானாகத்தான் விட்டேன். அது என் தப்பு. செருப்பு அவர் தப்பு. இரண்டையும் நான் கலப்பதில்லை.

மருத்துவமனையில் ஓர் இளம் பெண் டாக்டர் என்னைக் கண்ணை மூடிக்கொள்ளச் சொன்னார். மெல்லிய நைலான் இழையால் பாதத்தைத் தொடுவதாகவும், தெரியும்போதெல்லாம் சொல்ல வேண்டும் என்றும் சொன்னார். நான் கவனமாகக் காத்திருந்தேன். வெகுநேரம் ஆனது. என்னால்தான் தாமதமோ என்று கூச்சமாக இருந்தது.

"நான் ரெடி டாக்டர். ஆரம்பிங்க," என்றேன்.

"முடிஞ்சிடுச்சும்மா," என்றார்.

பெரிஃபெரல் நியூரோபதி (சர்க்கரையால் கால் நரம்புகள் உணர்வை இழப்பது) என்று சீட்டில் எழுதினார். எழுதிக்கொண்டே, நடக்கும்போது பஞ்சு மேல் நடக்கிற மாதிரி இருக்கிறதா என்று கேட்டார். இந்த நோயில் சிலருக்கு அப்படித் தோன்றுமாம். எனக்கு அப்படி இல்லை என்றேன். யாருக்கு இருக்கிறது என்பது அந்த நிமிடமே எனக்குத் தெரிந்துவிட்டது. வீட்டுக்குப் போனதும் மாஸ்டருக்குப் போன் செய்ய வேண்டும் என்றுகூட நினைத்தேன்.

விரலில் காங்ரீன் (ரத்தம் போகாமல் சதை அழுகுவது) பிடித்திருந்தது. சுண்டுவிரலை எடுத்தார்கள். மூன்றாம் நாள் வார்டில் படுத்திருந்தபோது, நடைப்பயிற்சி வாட்ஸாப் குழுவில் மாஸ்டர் போட்ட குரல் பதிவை என் கணவர் கேட்கவைத்தார். "எட்டை வடக்கு தெற்காத்தான் நடக்கணும். அந்தம்மா திசை மாத்தி நடந்தாங்க. அதான் விரல் போச்சு. நீங்க யாரும் பயப்படாதீங்க."

நான் போன் செய்யவில்லை.

அதற்குப் பிறகு மூன்று மாதம் கட்டுப் போட்டுக்கொள்ளப் போய்வந்தேன். செய்ய வேண்டியவற்றையெல்லாம் அங்கே நர்ஸ் சொல்லிக்கொடுத்தார். தினமும் உள்ளங்கால்களைக் கண்ணாடி வைத்துப் பாருங்கள். செருப்பைக் கவிழ்த்துத் தட்டிவிட்டுப் போடுங்கள். வெந்நீரைக் காலால் சோதிக்காதீர்கள், முழங்கையால் சோதியுங்கள். மாத்திரையை யார் பேச்சைக் கேட்டும் விடாதீர்கள், உங்கள் பேச்சைக் கேட்டும் விடாதீர்கள். நான் இதையெல்லாம் ஒழுங்காகச் செய்தேன். கால் ஆற வேண்டும் என்பதற்காக மட்டும் இல்லை. அந்தப் பூங்காவுக்கு நடந்தே போக வேண்டும் என்பதற்காகவும்தான். கடைசி நாளில் நர்ஸிடம் ஒரு நைலான் இழை கேட்டு வாங்கிக்கொண்டேன்.

எம்.சி.ஆர். செருப்பு (மெத்தென்ற ரப்பர் அடி வைத்தது) போட்டுக்கொண்டு போனேன். மாஸ்டர் பெஞ்சில் உட்கார்ந்து, புதிதாக வந்திருந்த ஒரு பெண்ணிடம் செருப்பைக் கழற்றச் சொல்லிக்கொண்டிருந்தார். அவள் ஒரு கால் செருப்பைக் கழற்றிவிட்டாள். நான் போய் அவர் காலடியில் உட்கார்ந்தேன். ஆசீர்வாதம் வாங்க வந்திருக்கிறேன் என்று நினைத்து, "நல்லா இரும்மா," என்று கையைத் தூக்கினார்.

"கண்ண மூடிக்கங்க மாஸ்டர். தொடும்போது சொல்லுங்க. எனக்கு ஆஸ்பத்திரியில பண்ணாங்க," என்றேன். இத்தனை பேர் முன்னால் நான் பேசியது அதுதான் முதல் முறை.

அவர் சிரித்துக்கொண்டே மூடினார். வலது பாதத்தில் ஐந்து இடம், இடது பாதத்தில் ஐந்து இடம். இழை வளையும் வரை அழுத்தினேன். சுற்றி நின்றவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். குதிகாலில் ஒரு வெடிப்பு, உள்ளே கறுத்திருந்தது. அதையும் தொட்டேன்.

"ஆரம்பிம்மா. எவ்ளோ நேரம்?" என்றார்.

"முடிஞ்சிடுச்சு மாஸ்டர்."

அவர் கண்ணைத் திறந்தபோது என் முகத்தைப் பார்க்கவில்லை. என் கையில் இருந்த இழையைப் பார்த்தார். புதுப் பெண் கழற்றிய செருப்பை மறுபடி மாட்டிக்கொண்டாள். எனக்கு இரக்கம் வரவில்லை. வரும் என்று நினைத்தேன். நன்றாகப் பசித்துச் சாப்பிட்ட மாதிரி இருந்தது.

இரண்டு வாரம் கழித்து, குதிகாலில் கட்டோடு வந்தார். இந்தச் செருப்பு எங்கே கிடைக்கும் என்று தாழ்ந்த குரலில் கேட்டார். நான் பதில் சொல்லாமல் எட்டை ஒரு சுற்று முடித்தேன், கிழக்கு மேற்காக. அவர் என் பின்னாலேயே நொண்டிக்கொண்டு வந்தார். அதற்குப் பிறகுதான் கிடைக்கும் இடத்தைச் சொன்னேன். குணமாகட்டும் என்றுதான் சொன்னேன். மன்னித்தேன் என்று சொல்லவில்லை.

இப்போது தரை இருக்கிறது என்பதைக் கண்ணால்தான் தெரிந்துகொள்கிறேன். அதனால் முன்னைவிட மெதுவாக நடக்கிறேன். பஸ் ஸ்டாப்புக்கு ஐந்து நிமிடம் என்பது பதினைந்து நிமிடம் ஆகிவிட்டது. காலை எழுந்ததும் கண்ணாடியைத் தரையில் வைத்துப் பாதத்தை அதன் மேல் நீட்டுகிறேன். ஒன்பது விரல்களையும் எண்ணி முடித்த பிறகுதான் எனக்குப் பொழுது விடிகிறது.