தொண்ணூற்றிரண்டுக்கு விடமாட்டாள் ஆலிஸ்

காசிமேட்டில் ஆலிஸ் மீன் ஏலம் போட ஆரம்பித்தால் பக்கத்து ஏலக்காரர்கள் டீ குடிக்கக் கிளம்பிவிடுவார்கள். அந்தத் தொண்டையோடு யார் மல்லுக்கட்டுவது? ஒரே மூச்சில் விலையை ஏற்றிக்கொண்டே போவாள். இன்னும் ஏறும் என்று தெரிந்தால் 'மூணு தரம்' அவள் வாயில் வரவே வராது. கடைசியில் கை தூக்கியவனைப் பார்த்து, "எட்த்துக்கினு போ நைனா" என்று கூடையைத் தள்ளுவாள்.

அப்படிப்பட்டவளுக்கு ஈரலில் ஒரு சின்னக் கட்டி. வயிற்றைக் கிழிக்க வேண்டாம், ஸ்கேனில் பார்த்துக்கொண்டே ஊசி விட்டுச் சுட்டுவிடலாம் என்றார்கள். அதற்கெல்லாம் ஆலிஸ் அசரவில்லை. மயக்க டாக்டர் நவ்ரீன் மூச்சைப் பற்றிப் பேசியபோதுதான் நிமிர்ந்து உட்கார்ந்தாள். மூச்சு இழுக்க இழுக்க ஈரலும் மேலும் கீழும் போகுமாம், ஊசி குறி தப்புமாம். அதனால் மெல்லிய குழாய் வழியாக மெஷினே பொடிப்பொடி மூச்சாகப் படுவேகத்தில் ஊதுமாம். நெஞ்சு அசைவதே தெரியாதாம். அப்புறம் உடம்பில் கொஞ்சம் கரியமில வாயு தங்கி மந்தமாக இருக்கும், ஆழமாக மூச்சிழுத்தால் சரியாகிவிடும் என்றாள், பழைய வண்ணாரப்பேட்டைப் பெண்ணான நவ்ரீன்.

"கட்டி போவட்டும் பாப்பா. என் மூச்சு திரும்ப வந்துடுமா? அது இல்லாங்காட்டி ஏலம் எப்டி போட்றது?"

வந்துவிடும் என்றாள் நவ்ரீன். ஆலிஸ் நம்பவில்லை. அவள் புருஷன் ராசையா சுத்த வாயில்லாப்பூச்சி. அவன் வராந்தாவில் உட்கார்ந்து ஜெபம் பண்ணிக்கொண்டே இருந்தான்.

கட்டியைச் சுட்டாயிற்று, குழாயையும் எடுத்தாயிற்று. ஆலிஸ் அரைமயக்கத்தில் மேலோட்டமாக மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள். விரலில் மாட்டிய கருவி காட்டிய ஆக்சிஜன் அளவை நவ்ரீன் நர்ஸிடம் சொன்னாள். தொண்ணூற்றிரண்டு. போதாது.

கட்டிலிலிருந்து கரகரவென்று ஒரு குரல் வந்தது.

"தொண்ணூத்திரெண்டு... ஒரு தரம்."

நர்ஸ் திகைத்துப்போனாள். நவ்ரீன் கெட்டிக்காரி. ராசையாவை உள்ளே வரச் சொல்லிவிட்டு ஆலிஸின் காதருகே குனிந்தாள்.

"இந்த ரேட்டுக்கா வுட்ற ஆண்ட்டி? நல்லா மூச்ச இழு, ஏறும்."

ஆலிஸுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. கண்ணைத் திறக்காமலே நெஞ்சு நிறைய இழுத்தாள். தொண்ணூற்று மூன்று. இன்னொரு இழுப்பு, தொண்ணூற்றைந்து. நவ்ரீன் எண்ணைச் சொல்லச் சொல்ல ஆலிஸ் அதையே திருப்பிக் கூவினாள். பக்கத்துக் கட்டில்காரர்கூட எவ்வளவு ஆச்சு என்று கேட்டார். தொண்ணூற்றெட்டு வந்தபோது அறையே சிரித்துக்கொண்டிருந்தது. அது பழைய காசிமேட்டுக் குரலேதான்.

"ஒரு தரம். ரெண்டு தரம்."

ஆலிஸ் கண்ணைத் திறந்து, யார் கேட்கிறார்கள் என்று பார்த்தாள். கண்ணில் தண்ணீர் ஒழுக, எதிரே கையைத் தூக்கிக்கொண்டு நின்றான் ராசையா. எந்த ஏலத்திலும் அவன் வாய் திறந்ததும் இல்லை, கை தூக்கியதும் இல்லை.

"மூணு தரம்" என்றாள் ஆலிஸ். "எட்த்துக்கினு போ நைனா."