முப்பத்தொன்றாம் நம்பர் உடுப்பு

இது ராத்திரியில் நடந்ததில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ராத்திரி என்றால் கனவு கண்டிருப்பாய், அரைத் தூக்கத்தில் எதையோ பார்த்திருப்பாய் என்று ஆளாளுக்குச் சொல்வார்கள். நடந்தது பட்டப்பகலில். மதியச் சோறு தின்ற வயிறோடு, முழித்த கண்ணோடு நான் பார்த்தது. நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். எனக்கு ஒரு நஷ்டமும் இல்லை. ஆக வேண்டிய நஷ்டம் அன்றைக்கே ஆகிவிட்டது.

என் பெயர் டின்சி. அப்பா சிலுவைராஜுக்குக் கம்பம்மெட்டுப் பக்கம் ஏலத்தோட்டத்தில் ஸ்டோர் வேலை. சிஸ்டர் ஆக வேண்டும் என்பது பத்தாம் வகுப்பிலிருந்தே என் பிடிவாதம். அம்மா செபமாலையம்மாள் மூன்று நாள் பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் கிடந்தாள். தன் அண்ணன் மகன் சுஜினுக்கு என்னைக் கட்டிவைக்க வேண்டும் என்பது அவள் கணக்கு.

"போ. திரும்பி மட்டும் வந்தேன்னு வையி, மறுமாசமே சுஜினுக்குக் கட்டி வச்சிருவேன்."

"வரமாட்டேன்."

வீராப்பாகச் சொல்லிவிட்டுப் பெட்டியைத் தூக்கினேன். மடம் மலைக்கு மேலே, ஏலக்காட்டுக்கு நடுவில். இரண்டு வருஷப் பயிற்சி முடிந்து, 2022 ஜூலையில் நாங்கள் ஐந்து பேர் உடுப்புக்கு நின்றோம். உடுப்பு என்றால் வெள்ளைச் சபை உடை. அதைப் போட்டால்தான் பெயருக்கு முன்னால் சிஸ்டர். அதுவரைக்கும் சாம்பல் நிறச் சுடிதார், வெறும் டின்சி.

அந்த மடத்தில் ஒரு வழக்கம். அவரவர் உடுப்பை அவரவரே தைக்க வேண்டும். கழுத்துப் பட்டையின் உட்பக்கம் சிவப்பு நூலில் ஒரு நம்பர் போட வேண்டும். சலவைக்குப் போகிற துணி மாறிவிடாமல் இருக்க. என் நம்பர் முப்பத்தொன்று.

"ஆளில்லாமே ஒழிஞ்சு கிடந்த நம்பராணு. நீ எடுத்துக்கோ" என்றார் மிஸ்ட்ரஸம்மா. எங்களைப் பயிற்றுவிக்கும் சிஸ்டரை அப்படித்தான் கூப்பிடுவோம். மலையாளமும் தமிழும் கலந்து பேசுவார்.

உடுப்புக்கு முன்னால் எட்டு நாள் தியானம். அந்த எட்டு நாளும் யாரும் யாரோடும் பேசக்கூடாது. முகத்தைப் பார்க்கக்கூடாது. கண் எப்போதும் தரையில். பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிறவள் யார் என்றுகூடப் பார்க்கமாட்டோம். யாராவது வரவில்லை என்றால் ஏன் என்று கேட்கவும் கூடாது.

இதை நன்றாக மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இதனால்தான் எல்லாம் வந்தது.

மதியம் இரண்டு மணிக்கு எனக்கும் ஜிஜிக்கும் தையல் முறை. மற்ற மூவருக்கும் காலையில். ஜிஜி வண்டன்மேட்டுக்காரி, என்னோடு ஒரே நாளில் மடத்துக்கு வந்தவள். தையல் அறையில் இரண்டு மிதி மெஷின்கள் எதிரெதிரே இருந்தன. நடுவில் துணி வெட்டும் மேசை. தலையைக் குனிந்தால் மேசைக்கு அடியில் எதிரே இருப்பவளின் கால் மட்டும் தெரியும்.

இரண்டாம் நாள் நான் போனபோது எதிர் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. டக... டக... டக...

ஜிஜி எனக்கு முன்னாலேயே வந்துவிட்டாள் என்று நினைத்தேன். நானும் உட்கார்ந்து தைத்தேன். கண்ணில் பட்டது அவள் கால். சுடிதார் இல்லை. நீலப் பாவாடை, பழசு. மழையில் சுடிதார் காயவில்லை போல, மடத்துப் பழந்துணி எதையோ கட்டியிருக்கிறாள் என்று விட்டுவிட்டேன். செருப்பு இல்லை. விரலிடுக்கில் செம்மண். குளிருக்குச் செருப்பு போடாமல் என்ன தவம் வேண்டிக்கிடக்கு என்று கொஞ்சம் எரிச்சல் வந்தது.

மணி அடித்து நான் எழுந்தபோதும் அவள் மிதித்துக்கொண்டேயிருந்தாள்.

மறுநாள் என் உடுப்பை எடுத்தால் பக்கத் தையல் பிரிந்திருந்தது. அறுந்திருக்கவில்லை, பிரித்திருந்தது. ஒவ்வொரு தையலாக, பொறுமையாக. கீழ் மடிப்பும் இறங்கியிருந்தது. நான்கு விரல் நீளம். நானே தப்பாகத் தைத்திருப்பேன் என்று மறுபடி போட்டேன். அடுத்த நாளும் பிரிந்திருந்தது. அதே நான்கு விரல்.

மிஸ்ட்ரஸம்மா அளவு பார்க்க வந்தார். தியானத்தில் அவர் மட்டும் பேசலாம். உடுப்பை என் தோளில் வைத்துப் பார்த்தார். அது தரையில் புரண்டது.

"இது உன் அளவு இல்லல்லோ, டின்சி. மனசு இங்கே உண்டோ, வீட்டிலோ?"

நான் தலையை ஆட்டினேன். பேசக்கூடாதே.

"வேண்டாதவள் கைதான் இப்படிப் பிரிக்கும். சனிக்கிழமைக்குள்ளே உடுப்பு முடியணும். இல்லெங்கில் வீட்டுக்குப் போகணும்."

சனிக்கிழமைக்கு மூன்றே நாள். திரும்பிப் போனால் வாசலில் அம்மா நிற்பாள், பின்னாலேயே சுஜின் நிற்பான். யார் இந்த வேலையைச் செய்வது? அறைச் சாவி மிஸ்ட்ரஸம்மாவிடம். மதியம் உள்ளே வருவது நானும் ஜிஜியும் மட்டும். நான் எழுந்த பிறகும் உள்ளே இருப்பவள் அவள். ஜிஜிதான் என்று முடிவு கட்டினேன். கூடவே இருந்து குழி பறிக்கிறாள் என்று ஜெபத்தில்கூட அவளைத்தான் திட்டினேன்.

வியாழக்கிழமை தைப்பதை விட்டுவிட்டு அந்தக் காலையே பார்த்துக்கொண்டிருந்தேன். அன்றுதான் ஒன்றைக் கவனித்தேன்.

மெஷின் மிதிக்கும்போது ஒரு கால் முன்னால், ஒரு கால் பின்னால் வைப்போம். அவளுடைய இரண்டு காலும் ஒட்டியே இருந்தன. கட்டைவிரலோடு கட்டைவிரல்.

நான் மிதிப்பதை நிறுத்தினேன். அவளும் நிறுத்தினாள்.

நான் மிதித்தேன். டக... டக... அவளும்.

விளையாடுகிறாளா? கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனால் நிமிர்ந்து பார்க்கவில்லை. இன்னும் இரண்டு நாள். விதியை மீறிப் பார்த்தேன் என்பதற்காகவே என்னை அனுப்பிவிட்டால்?

வெள்ளிக்கிழமை. மழை விட்டு மூடுபனி இறங்கியிருந்தது. மூன்று மணிக்குக் கரண்ட் போனது. ஜன்னல் வழியாகப் பனி அறைக்குள்ளேயே வந்துவிட்டது. எனக்குக் கீழ் மடிப்பு மட்டும்தான் பாக்கி. உடுப்பை மடியில் இறுக்கி வைத்து ஊசியால் கையிலேயே தைத்தேன். இன்றைக்கு இதைக் கையை விட்டு இறக்குவதாக இல்லை.

எதிர் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது.

மூன்று இருபதுக்கு அது நின்றது.

மண் வாசனை வந்தது. மழை மண் இல்லை... தோண்டிய மண்.

உடுப்பு என் மடியிலிருந்து நகர்ந்தது.

மேசைக்கு அடியில் யாரோ இழுக்கிறார்கள். மெதுவாக. தையல்காரி துணியை ஓடவிடுவதுபோல, சீராக.

நான் இரண்டு கையாலும் பிடித்தேன்.

"ஜிஜி. விடு."

விதி போனது. போகட்டும். துணி நிற்கவில்லை.

"விடுடி..."

பதில் வந்தது.

"ம்ம்... ம்ம்ம்..."

வாயை மூடிக்கொண்டு பேசும் சத்தம்.

குனிந்தேன். இரண்டு கட்டைவிரலையும் சேர்த்து வெள்ளை நாடாவால் கட்டியிருந்தது. செத்தவர்களுக்குக் கட்டுவதுபோல.

நிமிர்ந்தேன்.

பார்த்தேன்.

தாடையைச் சுற்றித் தலைக்கு மேலே ஒரு வெள்ளைத் துணிக்கட்டு. மூக்கில் பஞ்சு. கண் திறந்திருந்தது. என்னைப் பார்க்கவில்லை.

உடுப்பைத்தான் பார்த்தது.

"ம்ம்ம்..."

சர்ரென்று கிழிந்தது.

அப்புறம் நான் போட்ட கத்தலில் மடமே ஓடி வந்தது. மிஸ்ட்ரஸம்மா வந்து பார்த்தபோது நான் தரையில் கிடந்தேன். கையில் ஒரு சாண் வெள்ளைத் துணி. உடுப்பைக் காணவில்லை. மேசைக்கு அடியில், மெஷினுக்குப் பின்னால், கிணற்றடியில், எங்கேயும் இல்லை. எதிர் மெஷினைக் காட்டினேன்.

"அதில் யார் தைக்கும்? அதுக்குப் பெல்ட் இல்லல்லோ."

இல்லைதான். சக்கரத்தில் சிலந்தி வலை கட்டியிருந்தது.

ஜிஜி காய்ச்சலில் விழுந்து, தியானத்தின் முதல் நாள் ராத்திரியே அவளைக் கட்டப்பனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டார்களாம். எனக்கு எப்படித் தெரியும்? கேட்கத்தான் கூடாதே.

பார்த்ததையெல்லாம் சொன்னேன். நீலப் பாவாடை என்றதும் மிஸ்ட்ரஸம்மாவின் முகத்தில் ரத்தமே இல்லை. உடுப்பை நீயே ஒளித்துவிட்டாய் என்று திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. ராத்திரிக்குள் வேறு உடுப்பு தைத்துவிடுகிறேன், துணி மட்டும் தாருங்கள் என்று காலைப் பிடித்து அழுதேன்.

"வேண்டா, மோளே" என்றார். "உனக்கு இங்கே உடுப்பு இல்லா. உயிரோடே போ."

விடிந்ததும் ஜீப்பில் ஏற்றிவிட்டார்கள். அம்மா சொன்னதை அப்படியே செய்தாள். சுஜின் கெட்டவன் இல்லை. ஆனால் நான் கேட்டது அவனை இல்லை. இன்றைக்குக் கம்பம்மெட்டு முக்கில் தையல் கடை வைத்திருக்கிறேன். வெள்ளைத் துணி கொண்டுவந்தால் வாங்கமாட்டேன். அந்த ஒரு சாண் துணியை மட்டும் தூக்கிப்போட மனம் வரவில்லை. ஆசைப்பட்டதில் எனக்கென்று மிஞ்சியது அவ்வளவுதானே. கல்யாணச் சேலைக்கு அடியில் வைத்துப் பெட்டியைப் பூட்டிவிட்டேன்.

போன நவம்பரில் ஜிஜி கடைக்கு வந்தாள். இப்போது சிஸ்டர் ஜிஜி. வெள்ளை உடுப்பு. உட்காரச் சொன்னேன். அவள் நின்றுகொண்டே பேசினாள்.

"வயசான சிஸ்டர் ஒருத்தங்க இறந்துட்டாங்கடி. அடக்கம் பண்ணப் பழைய குழி ஒண்ணத் தோண்டுனோம்."

எங்கள் பக்கம் அது வழக்கம்தான். வருஷம் பல ஆன குழியைத் திறந்து, எலும்பை எடுத்து எலும்புக் குழியில் போட்டுவிட்டு, புதிதாக ஆளை வைப்பார்கள்.

"யாரு குழி?"

"ஜிஷான்னு ஒரு பிள்ள. நமக்கெல்லாம் ரொம்ப முந்தி. உடுப்புக்கு ரெண்டு நாள் இருக்கும்போது காய்ச்சல்ல செத்துப்போச்சாம். உடுப்பு வாங்கலேல்ல, அதனால நீலப் பாவாடையோடவே பொதைச்சாங்களாம். மழையில அவசரமாம். கால் கட்டு, தாடைக் கட்டு எதையும் அவுக்கலியாம்." அவள் குரல் இறங்கியது. "அந்தப் பிள்ள நம்பரு முப்பத்தொண்ணு."

கையிலிருந்த கத்தரியை மேசையில் வைத்தேன்.

"பெட்டியத் தொறந்தா எலும்புதான் இருக்கு, டின்சி. ஆனா எலும்பு மேல வெள்ளை உடுப்பு. புதுசு. மக்கல, ஒரு கறை இல்ல. கழுத்துப் பட்டையில செவப்பு நூல்ல நம்பரு. ஓந் தையல் எனக்குத் தெரியாதா?"

"கீழ் மடிப்பு?"

"என்ன?"

"கீழ ஒரு சாண் கிழிஞ்சிருக்கணும்."

ஜிஜி தலையை ஆட்டினாள்.

"இல்லியே. முழுசா இருந்துச்சு. அளவு கச்சிதம்." பிறகு சொன்னாள். "ஃபாதர் மந்திரிச்சு மறுபடி அதே குழியில வச்சுட்டாங்க. வயசான சிஸ்டருக்கு வேற குழி தோண்டுனோம். புதுச் சிலுவையில சிஸ்டர் ஜிஷான்னு எழுதியிருக்கு. தாடைக் கட்டு அப்படியே இருந்துச்சு. கால் கட்டுதான் எங்க போச்சுன்னு தெரியல."

கடையைப் பாதியில் பூட்டிவிட்டு வீட்டுக்கு ஓடினேன். பெட்டியின் பூட்டு பூட்டியபடி இருந்தது. கல்யாணச் சேலையைத் தூக்கினேன்.

வெள்ளைத் துணி இல்லை.

அந்த இடத்தில் ஒரு நாடா கிடந்தது. கட்டைவிரல் அளவுக்கு இரண்டு வளையம், நடுவில் முடிச்சு. முடிச்சை யாரும் அவிழ்க்கவில்லை. அதில் ஒட்டியிருந்த செம்மண் இன்னும் ஈரமாக இருந்தது.