மொறிஸ் மைனரின் மூச்சு

கட்டுகஸ்தோட்டையிலிருந்து மடவளைக்குப் போகும் பாதையில் தகரக் கூரை போட்ட ஒரு கராஜ் இருக்கிறது. பெயர்ப்பலகை கிடையாது. அக்குறணையிலிருந்து பேராதனை வரை யாருடைய பழைய கார் எண்ணெய் ஒழுகினாலும், "பழனியாண்டி பாஸ்கிட்ட காட்டினீங்களா?" என்றுதான் முதலில் கேட்பார்கள்.

பழனியாண்டி பதினாறு வயதில் கலஹாத் தோட்டத்திலிருந்து இறங்கி வந்தவர். இப்போது ஐம்பத்தாறு. ஒழுக்கைக் கண்டுபிடிக்க அவர் ஒரு முறை வைத்திருந்தார். என்ஜினை மண்ணெண்ணெய் விட்டுத் துலக்கித் துடைத்து, காய்ந்ததும் குழந்தைகளுக்குப் பூசும் பவுடரை மேலெல்லாம் தூவுவார். பிறகு என்ஜினை ஓடவிட்டு, முக்காலியில் அசையாமல் உட்கார்ந்திருப்பார். வெள்ளைப் பவுடரில் எந்த இடம் முதலில் கறுக்கிறதோ, அங்கேதான் கோளாறு.

"மனுஷன் பொய் சொல்லுவான். என்ஜின் சொல்லாது" என்பார். சொல்லிவிட்டு ஒரு சிரிப்பும் சிரிப்பார். கடந்த இரண்டு வருடங்களாக அந்தச் சிரிப்பு மட்டும் வரவில்லை.

அன்று காலை சித்தி றலியா டீச்சரின் மொறிஸ் மைனர் வாசலில் வந்து நின்றது. அக்குறணையில் படிப்பித்து ஓய்வு பெற்றவர் டீச்சர். மௌத்தாகி மறைந்துபோன கணவரின் காரை விற்க மனமில்லாமல் தானே ஓட்டிக்கொண்டிருந்தார். ஒரே ஒழுக்குக்காக அந்தக் கார் பழனியாண்டியிடம் திரும்பி வருவது இது மூன்றாவது தடவை.

"பாஸ், எங்கட ஊட்டு வாசல்ல எண்ணெக் கடெ தொறந்த மாதிரி ஈக்கி. மருமகள் வழுக்கி உழுந்துட்டா. இந்தத் தடவயும் பழைய வண்டி அப்பிடித்தான் எண்டு சொன்னா, ஒங்களையும் பழைய பாஸ் எண்டு எழுதி ஒட்டிப்போடுவன்!"

"உக்காருங்க டீச்சர்" என்று கதிரையை இழுத்துப் போட்டார். முகத்தை நிமிர்த்திப் பார்க்க முடியவில்லை.

இந்த ஒழுக்கு தொடங்கியது இரண்டு வருடங்களுக்கு முன்னால், ஆயுத பூஜை வாரத்தில். அந்தக் காருக்கு, எண்ணெய் கசியாமல் மூடிகளுக்கு அடியில் வைக்கும் கேஸ்கட் மாற்றியவன் கிருஷாந்தன், பழனியாண்டியின் மனைவி கஜலட்சுமியின் தம்பி. பதினோரு வருடம் அவரோடு தோளோடு தோள் நின்று வேலை செய்தவன். பூஜை முடிந்த மூன்றாம் நாள், எண்ணெய் ஒழுகுகிறது என்று டீச்சர் வந்து நின்றார்.

கிருஷாந்தன் குனிந்து பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னான். "மாமா, மூணு இடத்துல ஒண்ணா ஒழுகுது. இது கேஸ்கட் இல்ல. உள்ள காத்து வெளிய போக வழியில்லாம முட்டுது. பிரீதர் பைப்பப் பாருங்க."

என்ஜின் மூச்சு விடுகிற குழாய் அது. கை விட்டுப் பார்க்க இரண்டு நிமிடம் போதும். ஆனால் வாடிக்கையாளர் முன்னால், பக்கத்து கராஜ் ஆட்கள் வேடிக்கை பார்க்க, தன்னிடம் வேலை கற்றவன் தனக்கே சொல்லித் தருவதா? பழனியாண்டியின் வாயில் சனி வந்து உட்கார்ந்தது.

"குடிச்சிட்டு வந்து கேஸ்கட் போட்டா இப்படித்தான் ஒழுகும்!"

கிருஷாந்தன் அன்று குடிக்கவில்லை. என்றுமே வேலை நேரத்தில் குடித்ததில்லை. கையிலிருந்த ஸ்பேனரை மேசையில் வைத்தான், கையைத் துடைத்தான், போய்விட்டான். சொந்த அக்கா புருஷனே குடிகாரன் என்று சொன்னவனை எந்த கராஜ் சேர்த்துக்கொள்ளும்? இப்போது பேராதனையில் ஆட்டோ ஓட்டுகிறான். கஜலட்சுமி சண்டை போடவில்லை. அன்றிலிருந்து சோற்றை மேசையில் வைத்துவிட்டு உள்ளே போய்விடுவாள். இரண்டு தீபாவளி அப்படியே போயிற்று.

அதற்குப் பிறகு இரண்டு தடவை பழனியாண்டி தன் கையாலேயே அந்தக் கேஸ்கட்டுகளை மாற்றினார். ஒழுக்கு நிற்கவில்லை. இருந்தும் அந்தக் குழாய்ப் பக்கம் மட்டும் அவர் போகவேயில்லை. போனால் அவன் சொன்னது உண்மையாகிவிடுமோ என்ற பயம்.

இன்று வேறு வழியில்லை. துலக்கினார், துடைத்தார், பவுடர் தூவி என்ஜினை ஓடவிட்டார். ஐந்து நிமிடம் கூட ஆகவில்லை. பக்கவாட்டு மூடி கறுத்தது. எண்ணெய் அளக்கிற கம்பியின் அடி கறுத்தது. பின்பக்கம் சொட்டத் தொடங்கியது. மூன்று இடமும் ஒன்றாக. காதுக்குள் கிருஷாந்தனின் குரல் கேட்டது.

எண்ணெய் ஊற்றும் மூடியைத் திருகினார். குப்பென்று புகை முகத்தில் அடித்தது. அந்த வழியாகக் காற்று வெளியேற, பின்பக்கச் சொட்டு நிதானித்து, ஒரு கட்டத்தில் நின்றே போயிற்று.

என்ஜினை நிறுத்தி, ஜாக்கி போட்டுக் காரைத் தூக்கி, அடியில் மல்லாந்து படுத்தார். குழாயின் கீழ்வாய்க்குள் கம்பியை வளைத்து விட்டு இழுத்தார். எண்ணெயில் ஊறிக் கறுத்த துணிச் சுருள் ஒன்று வந்து அவருடைய நெஞ்சின் மேல் விழுந்தது.

விரித்தார். நடுவில் இன்னும் சிவப்பு இருந்தது. ஓரத்தில் மஞ்சள் ஜரிகைக் கரை.

ஐயோ! ஆயுத பூஜைக்கென்று கஜலட்சுமி கரை தைத்துக் கொடுத்த துணி. வேலை மேசைக்குக் கட்டியது போக மீந்ததைக் கிழித்து, பூஜைக்காக இந்தக் காரைக் கழுவும்போது தண்ணீர் புகாமல் இருக்க அந்தக் குழாய்க்குள் திணித்தவர் அவரேதான். "கற்பூரம் அணையப் போகுது, வாங்க!" என்று மனைவி கூப்பிட்டாள். ஓடிப்போய்க் கும்பிட்டார். துணியை மறந்தார்.

காரின் அடியிலேயே கிடந்தார்.

"என்னத்த கண்டெடுத்த பாஸ்?" என்றார் டீச்சர் மேலேயிருந்து.

"எலி... எலி கூடு கட்டியிருக்கு டீச்சர்."

நாற்பது வருடத்தில் ஒரு வண்டியைப் பற்றி அவர் சொன்ன முதல் பொய் அது.

டீச்சர் குனிந்து அவர் கையிலிருந்ததைப் பார்த்தார். பிறகு சொன்னார். "அப்ப கிருஷாந்தன்ட கையில பிழ ஒண்டும் இல்ல. அண்டைக்கு நானும் பக்கத்துலதான் நிண்ட. அவர்ட்ட சாராய வாடையே இல்ல. நமக்கென்னத்துக்கு எண்டு வாய மூடிட்டு ஈந்த. அதுக்கு அல்லாஹ் என்னையும் கேப்பான்."

ஒரு குற்றமும் செய்யாத அந்த அம்மாள் பழியில் பங்கு கேட்கிறார். பழியை முழுதாகச் சுமக்க வேண்டியவன் எலியின் மேல் போடுகிறான். பழனியாண்டியின் கண் கலங்கிப் போயிற்று.

வெளியே வந்து, துணியைச் சட்டைப் பையில் திணித்துக்கொண்டு என்ஜினைத் துடைத்து விட்டார். "டீச்சர், வண்டிய ஓடிப் பாக்கணும். பேராதனை வரைக்கும் வர்றீங்களா?"

மகாவலிக்கரைப் பாதையில் மொறிஸ் மைனர் பாட்டுப் பாடாத குறையாக ஓடியது. கலஹாச் சந்தி ஆட்டோத் தரிப்பிடத்தில் நிறுத்தினார். கிருஷாந்தன் கண்ணாடி துடைத்துக்கொண்டிருந்தான். காரைப் பார்த்ததும் கை நின்றது.

"என்ன பாஸ், ஆட்டோ ஹயர் ஏதும் வேணுமா?"

மாமா என்று கூப்பிட்ட வாய் இப்போது பாஸ் என்கிறது! அந்த ஒரு சொல் போதாதா?

மற்ற டிரைவர்கள் நாலைந்து பேர் சுற்றி நின்றார்கள். பழனியாண்டி துணியை எடுத்து நீட்டினார். "மச்சான், பிரீதர் பைப்புல இருந்துச்சு. நான் வெச்சது. நீ குடிக்கல. நீ போட்ட கேஸ்கட்டுலயும் குறையில்ல. எனக்குத்தான் கண்ணு தெரியாமப் போச்சு." டீச்சர் பக்கம் திரும்பினார். "எலி இல்ல டீச்சர். நாந்தான்."

"எலிக்கு ஜரிகத் துணி எங்கால கெடச்சிச்சி எண்டு நானும் வழி நெடுக யோசிச்சிட்டுத்தான் வந்த" என்றார் டீச்சர்.

கிருஷாந்தன் சிரிக்கவில்லை. துணியை வாங்கிப் புரட்டிப் பார்த்தான். காரின் முன்மூடியைத் திறந்து, மூன்று இடங்களையும் விரலால் தடவினான். விரலில் எண்ணெய் ஒட்டவில்லை. முன்மூடியைச் சாத்தினான்.

"அக்காகிட்ட சொன்னீங்களா?"

"இன்னும் இல்ல."

"சொல்லுங்க. நான் வர்றேன்னு மட்டும் சொல்லாதீங்க." துணியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஆட்டோவில் ஏறிக்கொண்டான்.

மத்தியானம் வீட்டில், சோற்றுப் பீங்கானுக்குப் பக்கத்தில் பழனியாண்டி அந்தத் துணியை விரித்து வைத்தார். உள்ளே போகத் திரும்பிய கஜலட்சுமி தன் கைத் தையலைப் பார்த்தாள். நின்றாள். அவர் எல்லாவற்றையும் சொன்னார், எலியைக் கூட விடவில்லை.

அவள் அழுதாள். சத்தமே இல்லை.

"பேராதனையில சொன்னீங்க, சரி" என்றாள் கடைசியில். "எந்தம்பிய குடிகாரன்னு சொன்னது கட்டுகஸ்தோட்டையில இல்லியா? அவனுக்கு வேல குடுக்க மாட்டேன்னவங்க இங்க இல்லியா?"

பழனியாண்டி சோற்றில் கை வைக்கவில்லை. துணியை எடுத்துக்கொண்டு எழுந்தார். தன் கராஜைத் தாண்டிப் பக்கத்து கராஜ் படியேறினார். அங்கே டயர் கழற்றிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து, "என்ன பாஸ், இந்த வெயில்ல?" என்றார்.

பழனியாண்டி துணியை விரித்துக் காட்டினார். "ரெண்டு வருஷத்துக்கு முந்தி எம்மச்சான பத்தி ஒரு வார்த்த சொன்னேன், ஞாபகம் இருக்கா?"

அந்தத் தெருவில் இன்னும் ஆறு கராஜ்கள் இருந்தன.