எட்னா மலையானுக்கு ஒரு வாய்

கோப்பையை வாயருகே கொண்டுபோய், குடிக்காமல், எதிரே இருப்பவரைக் கேட்பார்: “உங்க ஊர்ல நின்னு பார்த்தா எந்த மலை தெரியும்?” பிரேயஸ் துறைமுகத்தில் கரிமூட்டைகளை இறக்கிவிட்டு மதுக்கடையில் உட்காரும் லிசானியாஸுக்கு, எதிராளியின் பெயர்கூட அப்புறம்தான்.

பார்னஸ் மலையடிவாரத்தில் கரி சுடுகிறவர். நகக்கண்ணெல்லாம் கறுப்பு. பெரிய சாமியை ஜீயஸ் என்று மொட்டையாகச் சொல்லவே மாட்டார். சொந்த ஊரில் பார்னஸ் மலையான். ஏதென்ஸ் நகருக்குள் வந்துவிட்டால் ஹைமெட்டஸ் மலையான்.

“எல்லாம் ஒரே சாமிதானே பெரியவரே?” என்று கடைக்காரி மிர்த்தோ வம்புக்கிழுப்பாள்.

“இருக்கட்டும் தாயி. மலை உச்சியில இருக்கிறவருக்கு அடிவாரத்துல நிக்கிறவன்தானே கண்ணுல படுவான்? யாரு கண்ணுல படுறோமோ அவரத்தான் கூப்பிடணும்.”

ஒரே மகன் ஆர்கிப்போஸ் படையோடு சிசிலித் தீவுக்குக் கப்பலேறியதும் மனுஷன் தவித்துப்போனார். பிள்ளையைக் காப்பாற்றச் சொல்லி எந்த மலையானைக் கூப்பிடுவது? துறைமுகத்தில் ஒருவர் விடாமல் விசாரித்தார். கடைசியில் அந்தத் தீவுப் பாலாடைக்கட்டி வியாபாரி ஒருவன் சொன்னான்: அங்கே எட்னாதான், எந்நேரமும் புகையும்.

லிசானியாஸ் தொடையில் தட்டிக்கொண்டார். “புகை விடுறாரா! அப்ப நம்ம தொழில்காரரு. நம்ம பிள்ளைய விட்ருவாரா?”

அன்றிலிருந்து மேற்கே திரும்பி, “எட்னா மலையானே” என்று ஒரு வாய் மதுவைத் தரையில் சிந்திவிட்டுத்தான் மிச்சத்தைக் குடிப்பார்.

“சாமிக்குக் கொஞ்சூண்டு, உமக்கு மீதியா?”

“முழுசாக் கவுத்தா அது செத்தவங்களுக்கு, தாயி. வாயக் கழுவு.”

படை அழிந்த செய்தி வந்தது. ஊரே மாரடித்து அழுதது. அவர் மட்டும் விடாமல் சிந்திக்கொண்டிருந்தார். குரல்தான் கொஞ்சம் கூடியிருந்தது.

போன வாரம், மகனோடு ஒரே கப்பலில் போனவன் எலும்பும் தோலுமாகத் திரும்பி வந்து எதிரே உட்கார்ந்தான். லிசானியாஸ் மகனைப் பற்றிக் கேட்கவில்லை. “அங்கேருந்து எட்னா தெரிஞ்சுதா தம்பி?” என்றார்.

“இல்ல பெரியவரே. எங்களப் புடிச்சுக் கல்லு வெட்டுன குழியில அடைச்சுட்டாங்க. சுத்திச் செங்குத்தாப் பாறை. அண்ணாந்தா ஒரு துண்டு வானம், அவ்வளவுதான்.” குரல் தழைந்தது. “உங்க பிள்ளை என் பக்கத்துலதான் கிடந்தான். என்னை வெளிய இழுத்தப்ப அவன் கண்ணத் தொறக்கல.”

மிர்த்தோ வாயைப் பொத்திக்கொண்டாள். லிசானியாஸ் கோப்பையோடு எழுந்தார். பழக்கத்தில் மேற்கே திரும்பினார். ஏதோ நினைத்துக்கொண்டு வடக்கே, பார்னஸ் பக்கம் பார்த்தார். பிறகு எந்தப் பக்கமும் பார்க்காமல், தன் காலடி மண்ணில் கோப்பையை முழுசாகக் கவிழ்த்தார்.