வெல்ல வாசனை வருதா?

பாகு கொப்பரையில் கொதித்து, அடியில் லேசாகக் கருகும்போது ஒரு வாசனை வரும் பாருங்கள்... இனிப்பும் புகையுமாகத் தொண்டை வரை இறங்கும். தை பிறந்துவிட்டால் கச்சிராயபாளையம் ரோட்டில் பஸ் முழுக்க அந்த வாசனைதான். அத்தனை கரும்பு ஆலைகள் இருந்தன அப்போது.

கள்ளக்குறிச்சியில் ஒரு லேடீஸ் டெய்லர் கடை. நானும் ஜரீனாவும் பக்கத்துப் பக்கத்து மெஷின். கடை அவளுடைய சாச்சாவுடையது, அதாவது சித்தப்பா. நான் ஹெம்மிங் பழகிக்கொண்டிருந்த காலத்திலேயே அவள் பட்டு ஜாக்கெட் தைப்பாள். கழுத்து வைப்பதில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை. தனியாகக் கடை போட வேண்டும், எப்போதும் அதே பேச்சு.

அவளிடம் ஒரு வினோதம் உண்டு. தைத்துக்கொண்டே இருப்பவள் திடீரென்று மூக்கை உறிஞ்சுவாள்.

"யார் வூட்லடி வெல்லம் காச்சறாங்க? அடி புடிக்குது பாரு..."

அப்புறம் பேச்சு நின்றுவிடும். கண் எங்கேயோ நிலைத்திருக்கும். வாயில் ஒன்றுமில்லாமலே மெல்லுவாள். விரல் துணி ஓரத்தைத் தடவிக்கொண்டே இருக்கும். கூப்பிட்டால் பதில் வராது. கொஞ்ச நேரம் கழித்து, "இன்னா?" என்று எங்களையே கேட்பாள்.

"அளவு குடுக்க வந்தா வாயத் தொறக்க மாட்டேங்கறா, இன்னா திமிரு!" என்று போன கஸ்டமர்கள் உண்டு. சாச்சாவும் கத்துவார். எனக்கோ வேறு குடைச்சல். தையில் சொன்னால் சரி, ஆலை ஓடுகிறது. ஆடியில் எந்த ஆலை ஓடுகிறது? தெருமுனை வரை போய் மோந்து பார்த்துவிட்டு வருவேன். டீக்கடைப் புகைதான் இருக்கும். இவளுக்கு மட்டும் எங்கிருந்து வருகிறது? மண்டை காய்ந்தது எனக்கு.

ஐப்பசியில் மழை விட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை, கடைப் பெண்கள் எல்லோரும் கல்வராயன் மலைக்கு அருவி பார்க்கக் கிளம்பினோம். வெள்ளிமலை பஸ். மலை ஏறிக் கொஞ்ச தூரத்தில் ஜரீனா என் கையைப் பிடித்தாள்.

"வசந்தி, வெல்லம் காயற வாசன வருதுடி."

முன் சீட்டுக்காரர் பதறிப்போய்த் திரும்பினார். "அம்மாடி! மலைமேல வந்து இன்னா பேச்சு பேசற நீ? போலீஸ் காதுல வுழுந்தா ஊரையே சலிச்சிடுவான்!"

மலையில் வெல்ல வாசனை என்றால் சாராயம் காய்ச்சுகிறார்கள் என்று அர்த்தம். பஸ்ஸே சிரித்தது. சிரிப்பு அடங்குவதற்குள் ஜரீனாவின் உடம்பு விறைத்தது. கையும் காலும் வெட்டி வெட்டி இழுக்க ஆரம்பித்தன. "இரும்பு குடுங்க, இரும்பு குடுங்க" என்று யாரோ கத்த, இன்னொருவர் சாவிக்கொத்தை அவள் கையில் திணித்தார்.

மறுநாள் ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா, "வலிப்பு வர்றதுக்கு முன்னாடி ஏதாவது தெரியுமா?" என்று கேட்டார். ஜரீனாவின் அம்மா இல்லை என்று தலையாட்டினார். நான் சும்மா இருப்பேனா? வெல்ல வாசனை, மெல்லுவது, துணியைத் தடவுவது எல்லாவற்றையும் கொட்டினேன்.

"அந்த வாசனையே வலிப்புதாம்மா" என்றார் டாக்டரம்மா.

"வாசன எப்டிங்க வலிப்பாவும்? அப்பல்லாம் அவ வுழவே இல்லியே?"

"வுழுந்து இழுக்கறது மட்டும் வலிப்பு இல்ல. மூளையில ஒரு சின்ன எடத்துல ஆரம்பிக்குது. அங்கயே நின்னுட்டா வெறும் வாசனை. கொஞ்சம் பரவினா நெனப்பு தப்பிடும், வாய் மெல்லும், கை தடவும். மூளை முழுக்கப் பரவினாதான் ஒடம்பு இழுக்கும். ஆளுக்கு ஆள் மாறும். சில புள்ளைங்க கொஞ்ச நேரம் வெறிச்சுப் பாக்கும், அவ்ளோதான்."

சாவியும் வேண்டாம், வாயில் எதையும் திணிக்கவும் வேண்டாம், ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், நிற்காமல் இழுத்தால் உடனே தூக்கிக்கொண்டு வாருங்கள் என்றார். மாத்திரையை ஒரு வேளைகூட விடக் கூடாதாம்.

மாத்திரை சாப்பிட்டும் உடனே நிற்கவில்லை. சாச்சா பயந்துவிட்டார்.

"ஊசி கையில ஏறிச்சின்னா யாரும்மா பதில் சொல்றது? மெஷினே வேணாம், வூட்ல இரு."

"தெக்காம வூட்ல குந்திக்கினு நான் இன்னா பண்ணுவேன் சாச்சா?" மெஷினை விட்டுக் கையை எடுக்கவே இல்லை அவள்.

அப்போதுதான் தோன்றியது... வாசனைதான் முதலில் வருகிறதே!

"வாசன வந்தா என்னக் கேளு ஜரீனா. எனக்கு வரலன்னா, மெஷின வுட்டுட்டுப் பாயில வந்து படுத்துக்க."

சாச்சா தாடியைத் தடவினார். "பாக்கலாம்" என்றார்.

அன்றிலிருந்து என் மூக்குக்கு உத்தியோகம். தை மாதம்தான் திண்டாட்டம், நிஜமாகவே வாசனை வரும். எனக்கு ஜலதோஷம் பிடித்தால், அளவு கொடுக்க வந்தவர்களைக் கேட்பேன், "அக்கா, உங்களுக்கு வெல்ல வாசன வருதா?" "வருது, அதுக்கின்னா இப்போ?" என்று முழிப்பார்கள். நான் 'இல்லை' என்றால் ஜரீனா எழுந்துவிடுவாள். பல நாள் வெறும் வாசனையோடு போய்விடும். ஊசி ஒருநாளும் ஏறவில்லை.

ஆனால் வாசனை நிஜமாகவே வந்தாலும் அவளுக்குப் பயம்தான். எங்கள் வீட்டுப் பொங்கலைத் தொட மாட்டாள். தையில் பஸ் ஏறினால் முதல் வேலை ஜன்னலைச் சாத்துவதுதான்.

இன்று உளுந்தூர்பேட்டையில் அவளுக்குச் சொந்தக் கடை. மாத்திரை இன்றைக்கும் உண்டு, வலிப்பு வந்துதான் பல வருஷமாகிறது. நான் சென்னைக்கு வந்துவிட்டேன். ஆலைகளும் குறைந்துபோயின. இங்கே மோந்து பார்க்க டீசல் புகை மட்டும்தான். அப்போதெல்லாம் தலையைத் திருப்பினால் போதும், பக்கத்து மெஷினில் இருப்பாள்...

போன மாதம் அவளிடமிருந்து போன்.

"வசந்தி... வெல்ல வாசன வருதாடி?"

இவ்வளவு தூரத்தில் உட்கார்ந்துகொண்டு நான் என்னத்தைச் சொல்வேன்?

"எங்கடி இருக்க? பஸ்லயா? பக்கத்துல யாராச்சும்..."

அதற்குள் அந்தப் பக்கம் பஸ் இரைச்சலுக்கு நடுவே வேறொரு பெண்ணின் குரல் கேட்டது. "ஆலை ஓடுதும்மா, ஒரே பொகையா வருது. அந்த ஜன்னல சாத்தேன்."

"இருக்கட்டுங்க" என்றாள் ஜரீனா. "தொறந்தே கெடக்கட்டும்."